வெற்றிக்கு எது அளவுகோல்?
(அந்நியச் செலாவணி வணிகம் பற்றிச் சில எண்ணங்கள்)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (புள்ளியியல்)

மாணவர் விடுதியாயினும் சரி, பீளமேடு ஹோப் காலேஜ் நிறுத்தத்துத் தேநீர்க் கடையாயினும் சரி, இன்று இளைஞர் நால்வர் கூடினால் அவருள் ஒருவராவது கைப்பேசியைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டாமல் இருப்பதில்லை. பச்சைக் கட்டங்களும் சிவப்புக் கட்டங்களும் ஏறி இறங்கும் அப்படத்துக்கு மேலே யூரோ, டாலர், யென் என்று ஏதாவது இரு நாணயங்களின் பெயர் இருக்கும். கீழே ஒரு தொகை. “நேத்து ஒரே ராத்திரியில ரெண்டாயிரம்டா!” என்பான் நண்பன். சுற்றி நிற்பவர் கண்களில் வியப்பு. அடுத்த நாளே அவர்களுள் இருவர் அதே செயலியைத் தம் கைப்பேசியிலும் இறக்கிவிடுவர்.

இந்த நண்பன் வெற்றி பெற்றவனா? இக்கேள்விக்கு விடை கூறுமுன், எதைக் கொண்டு அளப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும் அன்றோ? நீளத்தை அளக்கப் படியையும், பாலை அளக்க முழக்கோலையும் எடுத்துச் செல்பவனைப் பார்த்து நகைப்போம். நாணய வணிகத்தில் மட்டும் கையில் கிடைத்ததை எடுத்து அளந்துகொண்டிருக்கிறோம் என்பது என் துணிபு.

இதை நான் வெளியிலிருந்து கூறவில்லை. நான்கு மாத காலம் நானும் அவ்வணிகத்தில் இருந்தேன். முதலீடு பதினைந்தாயிரம் ரூபாய். அதில் ஆறாயிரம், ஞாயிறுதோறும் திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்தது. எஞ்சிய ஒன்பதாயிரம், அம்மா சீட்டுக் கட்டி எடுத்த பணம். கணினிப் பயிற்சி வகுப்பில் சேரப்போவதாக அவரிடம் சொல்லி வாங்கினேன். இக்கட்டுரையைப் படிக்கும் பேராசிரியப் பெருமக்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று தயங்கியே பல நாள் எழுதாமல் இருந்தேன். ஆயினும் என் கையில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. புள்ளியியல் மாணவன் என்ற பழக்கத்தால், செய்த வணிகம் ஒவ்வொன்றையும் தேதியிட்டு அதில் எழுதி வைத்தேன். அந்த ஏட்டை மூடி வைப்பதைவிடத் திறந்து காட்டுவதே முறையெனத் தோன்றியது.

மொத்தம் 47 வணிகங்கள். அவற்றுள் இலாபத்தில் முடிந்தவை 38. நட்டத்தில் முடிந்தவை 9. அதாவது நூற்றுக்கு எண்பத்தொன்று வெற்றி. தேர்வில் இம்மதிப்பெண் பெற்றால் வீட்டில் பாயசம் வைப்பார்கள்! இலாபம் ஒவ்வொன்றும் சராசரியாக 300 ரூபாய், ஆக 11,400. ஒன்பது நட்டங்களில் எட்டு, சராசரி 900 ரூபாய் வீதம் 7,200. நாற்பத்தாறாவது வணிகம் முடிந்த அன்று என் கணக்கில் 19,200 ரூபாய் இருந்தது. போட்ட முதலுக்கு 28 விழுக்காடு கூடுதல்! அன்று நான் ஹோப் காலேஜ் தேநீர்க் கடையில் ஐந்து பேருக்குத் தேநீரும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். அன்று யாரேனும் என்னை அளந்திருந்தால் ‘வெற்றி பெற்ற வணிகன்’ என்றே எழுதியிருப்பார்கள். நானும் கையொப்பமிட்டிருப்பேன்.

நாற்பத்தேழாவது வணிகம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் வேலைவாய்ப்புக் கணக்கு வெளியாகும் நேரம் அது. டாலரின் மதிப்பு எந்தப் பக்கம் போகும் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. அது மறுபக்கம் போனது. ‘திரும்பிவிடும், திரும்பிவிடும்’ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முந்தைய முப்பத்தெட்டு இலாபங்களில் பலவும் அவ்வாறு காத்திருந்து பெற்றவையே. அந்த ஒரு வணிகத்தில் மட்டும் போனது 11,700 ரூபாய். மிஞ்சியது 7,500.

இப்போது கணக்கைச் சற்று நோக்குவோம். முதல் 46 வணிகங்களில் இலாபம் ஒன்றுக்கு 300, நட்டம் ஒன்றுக்கு 900. அந்த விகிதத்தில், நட்டமில்லாமல் தப்புவதற்கே நூற்றுக்கு எழுபத்தைந்து முறை வென்றாக வேண்டும். கடைசி நட்டத்தையும் சேர்த்தால் சராசரி நட்டம் 2,100 ஆகிவிடுகிறது. அப்போது தேவைப்படுவது எண்பத்தேழரை விழுக்காடு. நான் பெற்றதோ எண்பத்தொன்று. முதல் வகுப்பில் தேறிய மதிப்பெண்ணுடன் தோல்வியுற்ற மாணவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்! மேலும், பாதி முதலை இழந்தவன் பழைய நிலையை எட்ட மீதமுள்ளதை இரு மடங்காக்க வேண்டும். ஐம்பது விழுக்காடு இறக்கத்தை ஐம்பது விழுக்காடு ஏற்றம் சரிசெய்யாது. பள்ளிக்கூடக் கணக்குத்தான் இது, எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அந்த நான்கு மாதமும் நான் எண்ணிக்கொண்டிருந்தது வென்ற தடவைகளை மட்டுமே.

வென்ற தடவைகளை எண்ணுவது ஓர் அளவுகோல். அது எதை மறைக்கிறது என்பதே என் கட்டுரைப் பொருள்.

சிறு சிறு இலாபங்கள் பல, ஒரே ஒரு பேரிழப்பு என்னும் இந்த அமைப்பு என் ஏட்டுக்கு மட்டும் உரியதன்று. ஸ்விட்சர்லாந்து நாட்டின் மைய வங்கி 2011 செப்டம்பரில், ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று அறிவித்தது. மூன்றாண்டுகளுக்கு மேல் அவ்வாறே காத்தும் நின்றது. தரை இருக்கிறது என்ற நம்பிக்கையில் உலகெங்கும் பலர் 1.20-க்குச் சற்று மேலே யூரோவை வாங்குவதும், சிறிது ஏறியதும் விற்பதுமாக இருந்தனர். 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பு ஏதுமின்றி அந்த வங்கி தன் உறுதியைக் கைவிட்டது. சில நிமிடங்களில் பிராங்கின் மதிப்பு ஏறத்தாழ முப்பது விழுக்காடு பாய்ந்தது. எஃப்எக்ஸ்சிஎம் என்னும் பெரிய தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் தம் முதல் முழுவதையும் இழந்ததோடு, அதற்கு மேலும் 22.5 கோடி டாலர் கடன்பட்டனர். இலண்டனில் இருந்த அல்பாரி என்னும் நிறுவனம் நொடித்தே போயிற்று. முந்தைய நாள் மாலை வரை அவர்களுள் எத்தனை பேர் ‘தொடர்ந்து வெற்றி பெறும் வணிகர்’ என்று பெயரெடுத்திருப்பர்!

நமக்கு ஸ்விட்சர்லாந்து எதற்கு என்று கேட்கலாம். அந்த பிராங்கு நம் கோவைக்கே வந்திருக்கிறது. அதைச் சொல்வதற்குமுன் திருப்பூரைச் சொல்ல வேண்டும்.

கொங்கு நாட்டில் அந்நியச் செலாவணி வணிகர் யார் என்று கேட்டால் நாம் கைப்பேசிக்காரரைத்தான் நினைப்போம். உண்மையில் பல்லாண்டுகளாக அத்தொழிலில் இருப்பவர்கள் தம்மை அவ்வாறு சொல்லிக்கொள்வதே இல்லை. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பனியன் அனுப்புகிற திருப்பூர் ஏற்றுமதியாளர், வெளிநாட்டுப் பருத்தி வாங்குகிற நூற்பாலை முதலாளி, பம்பு அனுப்புகிற பீளமேட்டுத் தொழிற்கூடக்காரர், இவர்கள் யாவரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நாணய வணிகரே. இன்று ஒப்புக்கொண்ட விலைக்கு டாலர் வந்து சேர மூன்று மாதமாகும். அதற்குள் டாலரின் விலை மாறிவிடும். சனிக்கிழமை வாரச் சம்பளமோ மாறாது. அதை ரூபாயில்தான் கொடுத்தாக வேண்டும்.

2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 44 ரூபாய். அவ்வாண்டின் இறுதியில் 40-க்கும் கீழே இறங்கிவிட்டது. ரூபாய் வலுவடைந்தது என்று செய்தித்தாள்கள் மகிழ்ந்து எழுதின. திருப்பூரில் யாரும் மகிழவில்லை. ஓர் இலட்சம் டாலருக்குச் சரக்கு அனுப்பியவர் 44 இலட்சம் ரூபாய் எதிர்பார்த்திருப்பார். 39½ ரூபாய் விலையில் கைக்கு வருவது 39½ இலட்சம். நான்கரை இலட்சம் எங்கே போயிற்று? துணியில் குறையில்லை, தையலில் குறையில்லை, கப்பலும் காலத்தில் சென்றது.

இத்தகைய இடரிலிருந்து காத்துக்கொள்ள வங்கிகளில் முன்பேர ஒப்பந்தம் என்னும் வழியுண்டு. மூன்று மாதம் கழித்து வரப்போகும் டாலரை இன்றே ஒரு விலைக்கு விற்று உறுதி செய்துகொள்வது. இங்கே அளவுகோலைக் கவனிக்க வேண்டும். டாலர் 40 ரூபாய் என்று உறுதி செய்துகொண்டார் ஒருவர். அவர் சட்டையின் விலையைக் கணக்கிட்டதும் அந்த 40 ரூபாயை வைத்தே. பிறகு டாலர் 50-க்கு ஏறிவிட்டது. உண்மையிலேயே 2008 இறுதிக்குள் அது 50 ரூபாயைத் தொட்டது. ஒப்பந்தம் செய்யாத பக்கத்துக் கம்பெனிக்காரர் டாலருக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்றார். முன்னவர் தோற்றவரா? ஊர் அப்படித்தான் சொல்லும். வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் என் சித்தப்பாவிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்தார். “அவுரு டாலர் யாவாரத்துக்கா வந்தாரு தம்பி? பனியன் யாவாரத்துக்கு வந்தாரு. நாப்பதுக்கு வெல போட்டாரு, நாப்பது வந்துருச்சு, சனிக்கெழம சம்பளம் போட்டாச்சு. அப்பறம் என்ன?” என்றார். பத்து ரூபாயை விட்டுவிட்ட வருத்தம் அவர் குரலில் துளியும் இல்லை. அத்தகைய வணிகரின் வெற்றியை இலாபத்தால் அளக்கவே கூடாது. திட்டமிட்ட தொகை தவறாமல் வந்ததா என்பதால்தான் அளக்க வேண்டும். ஒப்பந்தக் கணக்கில் நட்டம் காட்டுகிற ஆண்டிலும் அவர் வென்றவராக இருக்கக்கூடும்.

ஆனால் அதே ஆண்டுகளில் வேறொன்றும் நடந்தது. ரூபாய் வலுவடைந்துகொண்டிருந்தபோது, வங்கிகள் சில, ஏற்றுமதியாளர்களிடம் சிக்கலான ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தன. கையிலிருந்து ஒரு பைசாவும் போடத் தேவையில்லை. வெளிநாட்டு நாணயம் ஒன்று குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கும்வரை நிறுவனத்துக்கு ஓரளவு வரவு. எல்லையைத் தாண்டிவிட்டால் நிறுவனத்தின் பொறுப்பு பெருந்தொகையாகிவிடும். இவற்றுள் பல, டாலருக்கும் ரூபாய்க்கும் இடையிலானவையே அல்ல. டாலருக்கும் ஸ்விஸ் பிராங்குக்கும், டாலருக்கும் யென்னுக்கும் இடையிலானவை. 2008 மார்ச்சில் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு டாலரின் விலை ஒரு பிராங்குக்கும் கீழே சென்றது. எல்லைகள் உடைந்தன. திருப்பூரிலும் கோவையிலும் பல நிறுவனங்கள் வழக்கு மன்றம் ஏறின.

அவ்வழக்குகளுள் புகழ் பெற்றது, கோவையைச் சேர்ந்த ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனத்துக்கும் ஆக்சிஸ் வங்கிக்கும் இடையே நடந்தது. 2007 ஜூனில் செய்துகொண்ட டாலர்–பிராங்கு ஒப்பந்தமே வழக்கின் பொருள். இது சூதாட்ட ஒப்பந்தம், ஆகவே இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி செல்லாது என்று நிறுவனம் வாதிட்டது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. இராமசுப்பிரமணியன் 2008 அக்டோபர் 14 அன்று அளித்த தீர்ப்பில், இது சூதாட்டம் ஆகாது, பொதுக்கொள்கைக்கு முரணானதும் அன்று என்று கூறினார். பின்னர் 2011 ஏப்ரலில், இத்தகைய ஒப்பந்தங்களில் விதிகளைப் பின்பற்றவில்லை என்று பத்தொன்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அபராதம் விதித்தது. ஐந்து முதல் பதினைந்து இலட்ச ரூபாய் வரை. (அத்தொகை வங்கிகளுக்கு எம்மாத்திரம் என்பதைப் படிப்பவர் ஊகத்துக்கே விடுகிறேன்.)

சட்டம் பற்றி எழுத நான் சட்ட மாணவன் அல்லன். எனக்கு வியப்பளித்தது அந்த ஒப்பந்தங்களின் அமைப்பே. எல்லைக்குள் இருக்கும்வரை சிறு வரவு. எல்லை தாண்டினால் பெருஞ்செலவு. கோடிக்கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்களின் கோப்புகளில் இருந்ததும், என் குறிப்பேட்டில் இருந்ததும் ஒரே படம்! வரவு வந்துகொண்டிருந்த மாதங்களில் அந்தக் கோப்புகளைப் பார்த்தவர் யாரும் தோல்வி என்று சொல்லியிருக்க முடியாது. வந்த பணத்தைக் கொண்டு அளந்தார்கள். போகக்கூடிய பணத்தைக் கொண்டு அளக்கவில்லை.

ஆகவே என் முதல் அளவுகோல் இதுதான். ஒரு நாணய வணிகன் எவ்வளவு சம்பாதித்தான் என்று கேட்குமுன், அச்சம்பாத்தியத்துக்காக எவ்வளவு இழக்கத் துணிந்து நின்றான் என்று கேட்க வேண்டும். உச்சியிலிருந்து பள்ளம் வரை அவன் கணக்கு எவ்வளவு இறங்கியது என்பது அவன் ஏட்டின் மிக முக்கியமான எண். என் ஏட்டில் அது 61 விழுக்காடு. வள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ என்னும் அதிகாரத்தில், வரப்போகும் ஆக்கத்தை எண்ணி இருக்கும் முதலை இழக்கும் வேலையைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மதிப்பெண்தான் வாங்கினேன்.

இங்கே நண்பர்கள் ஜார்ஜ் சோரஸின் பெயரைச் சொல்வார்கள். 1992 செப்டம்பர் 16 அன்று பிரிட்டிஷ் பவுண்டு வீழும் என்று பந்தயம் கட்டி ஏறத்தாழ நூறு கோடி டாலர் ஈட்டியவர் அவர். எவ்வளவு துணிச்சல் பாருங்கள் என்பார்கள். நான் இச்செய்தியை வேறு விதமாகப் படிக்கிறேன். அன்று பவுண்டு ஐரோப்பிய நாணயங்களோடு ஒரு குறுகிய எல்லைக்குள் கட்டப்பட்டிருந்தது. அவர் எண்ணம் பொய்த்திருந்தால் பவுண்டு சிறிதளவே ஏறியிருக்கும். அவர் இழப்பும் சிறிதாகவே இருந்திருக்கும். மெய்த்தால் வரவு பெரிது. அதாவது நம் ஏட்டுக்கு நேர் தலைகீழான அமைப்பு. துணிச்சல் என்று நாம் போற்றுவது பெரும்பாலும் அடக்கமான கணக்கே. அவர் பெற்ற வெற்றி எவர் பையிலிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. அந்த நாளின் செலவை பிரிட்டிஷ் நிதித்துறை 330 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டிருந்தது. அது மக்கள் செலுத்திய வரிப்பணம். அதைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, ஏட்டை யார் எழுதுகிறார் என்பது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆல்ஃபர்ஸ்ட் என்னும் வங்கியில் ஜான் ரஸ்னாக் என்பவர் நாணய வணிகராக இருந்தார். யென் வணிகத்தில் அவர் இலாபம் ஈட்டுவதாக வங்கி நம்பியது. அதற்காக ஊக்கத்தொகையும் கொடுத்தது. 2002 பிப்ரவரியில் பார்த்தால் 69.1 கோடி டாலர் நட்டம்! இல்லாத ஒப்பந்தங்களை ஏட்டில் எழுதி, ஆண்டுக்கணக்கில் நட்டத்தை மறைத்து வந்திருந்தார். அயர்லாந்தின் பெரிய வங்கி ஒன்றுக்குச் சொந்தமான நிறுவனத்திலேயே இப்படியென்றால், டெலிகிராமில் தன் இலாபத்தைத் தானே படமெடுத்துப் போடுகிறவரின் ஏட்டை எப்படி நம்புவது? இழந்த நாளின் படத்தை எவரும் போடுவதில்லை.

போடப்பட்ட படம் உண்மையாகவே இருக்கட்டும். அப்போதும் ஓர் ஐயம் உண்டு. 1,024 மாணவர்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு நாணயத்தைக் கொடுத்துச் சுண்டச் சொல்வோம். பூ விழுந்தவர் மட்டும் நிற்க, தலை விழுந்தவர் வெளியேறட்டும். முதல் சுற்றில் ஏறத்தாழ 512 பேர் எஞ்சுவர். அடுத்து 256. இவ்வாறே பத்துச் சுற்று முடிந்தால் சராசரியாக ஒருவர் நிற்பார். பத்து முறையும் பூ போட்ட அந்த மாணவருக்கு நாணயம் சுண்டும் கலையில் தனித்திறமை உண்டா? இல்லை என்று நாம் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வோம். ஆனால் அவர் ‘பத்து நாளில் பூ போடுவது எப்படி’ என்று கட்டண வகுப்புத் தொடங்கினால் சேர ஆளிருக்கும். வெளியேறிய 1,023 பேர் வகுப்பெடுக்க வருவதில்லை. எனவே நாற்பது வணிகத்தையோ, நான்கு மாதத்தையோ வைத்து ஒருவரின் திறமையை அளக்க முடியாது. ஏட்டில் சில ஆண்டுகள் இருக்க வேண்டும். ரூபாய் ஏறிய காலமும் இறங்கிய காலமும் அதில் இருக்க வேண்டும்.

வெளியேறியவர்களின் கணக்கைச் சில அமைப்புகள் எடுத்திருக்கின்றன. ஐரோப்பியச் சந்தை ஒழுங்காணையம் 2018-இல் கூறியது: விலை வேறுபாட்டு ஒப்பந்தங்களில் ஈடுபடும் சிறு முதலீட்டாளர் கணக்குகளில் நூற்றுக்கு 74 முதல் 89 வரை நட்டத்தில் முடிகின்றன. கைப்பேசியில் நாம் செய்யும் வணிகம் இவ்வகையே. நம் நாட்டில் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, பங்குச் சந்தையின் முன்பேர, விருப்பபேர வணிகத்தைப் பற்றியது. நாணயச் சந்தையைப் பற்றியதன்று. ஆயினும் அண்டை வீடு என்பதால் சொல்கிறேன். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழந்தனர். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நூற்றுக்கு ஏழு பேர் தேறும் தேர்வுக்கு நாம் அம்மாவின் பணத்தைக் கட்டணமாகக் கட்டுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, இந்தியாவில் வாழ்பவர் அனுமதி பெற்றவர்களிடத்திலும், அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளிலும் மட்டுமே இவ்வணிகத்தைச் செய்யலாம். தேசியப் பங்குச் சந்தையில் டாலர்–ரூபாய் முன்பேர வணிகம் 2008 ஆகஸ்ட் 29 அன்று தொடங்கியது. அங்கும்கூட, உண்மையான டாலர் வரவோ செலவோ உள்ளவர்களே ஈடுபட வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி 2024-இல் வலியுறுத்தியது. அவ்வாண்டு மே மாதம் அது நடைமுறைக்கு வந்ததும் அச்சந்தையின் வணிகம் பெருமளவு சுருங்கிவிட்டது. அனுமதியற்ற செயலிகளின் எச்சரிக்கைப் பட்டியலை 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு ரிசர்வ் வங்கி வெளியிட்டது. பின்னர் பட்டியல் நீண்டுகொண்டே வந்தது. நான் பயன்படுத்திய செயலி அதில் இருந்தது. பணம் போடுமுன் பார்க்கவில்லை. போன பிறகு பார்த்தேன்.

மிஞ்சிய 7,500 ரூபாயைத் திரும்பப் பெற விண்ணப்பித்தேன். ‘சரிபார்ப்புக் கட்டணம்’ என்று முதலில் மூவாயிரம் கட்டச் சொன்னார்கள். கட்டவில்லை. இன்றும் திரையைத் திறந்தால் 7,500 என்ற எண் தெரிகிறது. கையில் கிடைப்பது சுழியம். ஆகவே 46-ஆவது வணிகத்தின் முடிவில் நான் கொண்டாடிய 19,200-உம் பணமே அன்று; ஒரு திரையில் தெரிந்த ஐந்து இலக்கங்கள். வங்கிக் கணக்குக்கு வந்து சேராத இலாபத்தை இலாபம் என்று எழுதுவதை எந்தக் கணக்காசிரியரும் ஒப்பார்.

துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இக்கருத்துகளைச் சொன்னபோது அவர் மறுத்தார். “இடர் இல்லாத தொழில் ஏது? மஞ்சள் போடுகிற ஈரோட்டு விவசாயியும் விலை தெரியாமல்தானே போடுகிறார்?” என்றார். நியாயமான கேள்வி. விடை தேடி இரண்டு நாள் அலைந்தேன். மஞ்சள் விலை வீழ்ந்தாலும் விவசாயியிடம் மஞ்சள் இருக்கிறது. மூட்டை கட்டி வைக்கலாம், விதைக்கு ஒதுக்கலாம். அவர் இழப்புக்கு ஒரு தரை உண்டு. நான் செய்த வணிகத்தில் தரை இல்லை. என் முதலைப் போல நூறு மடங்கு தொகைக்கு வாங்கவும் விற்கவும் அந்தச் செயலி கடன் கொடுத்தது. நூற்றுக்கு ஒரு விழுக்காடு விலை எதிர்ப்பக்கம் நகர்ந்தால் முதல் முழுதும் போய்விடும். விவசாயியை இதனோடு ஒப்பிடுவது பொருந்தாது என்றே இன்னமும் எண்ணுகிறேன். பேராசிரியர் முழுமையாக ஒப்புக்கொண்டாரா என்பது ஐயமே. “எழுதிக் கொடு, மலரில் போடலாம்” என்றார்.

நம்மைப் போன்றோர் இதில் ஏன் விழுகிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பட்டம் பெற்றபின் என்ன சம்பளம் வரும் என்று உறவினர் கேட்கும்போது சொல்லும் தொகை எனக்கே கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீதியில் ஒருவன் முன்னேறினான் என்பதற்கு அடையாளம் வண்டியும் கைப்பேசியும்தான். மூன்றாண்டு படித்து எட்ட வேண்டிய இடத்துக்கு மூன்று மாதத்தில் குறுக்கு வழி இருப்பதாக யாரோ சொன்னால் காது தானாகவே அந்தப் பக்கம் திரும்புகிறது. இவ்வணிகத்தை முறையாகக் கற்று, வங்கியின் செலாவணிப் பிரிவிலோ ஏற்றுமதி நிறுவனத்திலோ பணியாற்றும் வழி நம் மாணவர்க்கு உண்டு. உலகில் நாளொன்றுக்கு 9.6 இலட்சம் கோடி டாலர் கைமாறுவதாக 2025-இல் கணக்கிடப்பட்ட சந்தை அது. புள்ளியியலும் பொருளியலும் படித்தோர் அங்கே தேவை. ஆனால் அங்கே வணிகருக்கு இழப்பு வரம்பு எழுதிக் கொடுக்கப்படுகிறது; அவர் ஏட்டை இன்னொருவர் நாள்தோறும் சரிபார்க்கிறார். நம் கைப்பேசியில் இரண்டும் இல்லை.

கடைசி அளவுகோல் என் அம்மாவிடமிருந்து கிடைத்தது. பொங்கலுக்கு முந்தைய நாள், காப்புக் கட்டுவதற்குப் பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்து முடிந்துகொண்டிருந்தார். அப்போது சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எவ்வளவு போச்சு என்றுகூட அவர் முதலில் கேட்கவில்லை. “எத்தன நாளாக் கண்ணு எனக்குத் தெரியாம வெச்சிருந்தே?” என்றார். குறிப்பேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. நூற்று முப்பத்தொரு நாள். அவர் ஒன்றும் பேசாமல் பூவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அந்தக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது இரண்டே பத்திகள் உள்ளன. ஞாயிற்றுக்கிழமையின் தேதி ஒன்று. பந்திக் கூலியிலிருந்து அம்மாவுக்குக் கொடுத்த தொகை மற்றொன்று. வாரம் ஐந்நூறு வீதம் இதுவரை பதினொரு வரிகள். கொடுத்தது 5,500. பாக்கி 3,500.